பெருந்தொற்றுக் காலத்தில் டவுன் பார்மசி என்ன செய்யலாம்?

கேள்வி: ஹட்டனில் பார்மசி வைத்திருக்கிறேன். கொவிட் நேரத்தில் தோட்டத்துச் சனம் தடுப்பூசி பற்றி முதலில் எங்களிடம்தான் வந்து கேட்டார்கள். இன்னொரு பெருந்தொற்று வந்தால் கடையிலேயே ஊசி போடலாமா? முடியாதென்றால் வேறு என்ன செய்யலாம்?

பதில்: ஊசி போட முற்படாதீர்கள். 2021 ஜனவரி 29இல் தொடங்கிய கொவிட் தடுப்பூசித் திட்டத்தை இலங்கையில் அரச சுகாதாரத் துறைதான் நடத்தியது. பார்மசி உரிமம் மருந்து விற்பதற்கானது, ஊசி போடுவதற்கானதல்ல. அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் மருந்தாளர்கள் கொவிட் ஊசி போட்டது உண்மை. ஆனால் அதற்கென்று தனிப் பயிற்சி பெற்று, ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலினைக் கையில் வைத்துக்கொண்டுதான் போட்டார்கள்.

ஆனாலும் ஊசிக்கு முந்திய வாரம் உங்கள் கவுண்டரில்தான் கழிகிறது. சம்பளம் கிடைத்ததும் பிரஷர், சுகர் மருந்து வாங்க வருகிறவர்களை அப்படியே அனுப்பாதீர்கள். என்னென்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், முன்பு எந்த ஊசிக்காவது மூச்சுத்திணறல் வந்ததா என்று கேட்டு ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். ஊசி போடுகிறவரிடம் அதைக் காட்டட்டும்.

அதிகம் நடக்கிற பிழை ஒன்றுண்டு. சுகர் மருந்தைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பார்கள். சீனி இறங்கி மயக்கம் வரும், பழி ஊசி மேல் விழும். அதைப் பார்த்து லயத்தில் நாலு பேர் போகாமல் நின்றுவிடுவார்கள். ஆகவே, "சாப்பிட்டு, வழக்கமான மருந்தையும் போட்டுக்கொண்டு போங்கம்மா" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் எடுப்பவர் தானாக அதை நிறுத்தக்கூடாது. முன்கூட்டியே தாதியிடம் சொல்லி, ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காமல் குறைந்தது 2 நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

பனடோலை (பரசிட்டமோல்) ஊசிக்கு முன்பே விழுங்கத் தேவையில்லை. பிறகு காய்ச்சல் வந்தால் 500 மில்லிகிராம் குளிசை 1 அல்லது 2, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. 24 மணித்தியாலத்தில் 8ஐத் தாண்டக்கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு ஒரு வேளைக்கு ஒன்று போதும், கொழுந்து பறிக்கும் பெண்களில் அப்படிப் பலர் இருக்கிறார்கள். தடிமன் மருந்து சிலவற்றிலும் பரசிட்டமோல் இருப்பதால் இரண்டையும் சேர்த்து விற்காதீர்கள்.

பிரிட்ஜில் இன்சுலின் வைத்திருப்பீர்கள், அதற்கும் தடுப்பூசிக்கும் பொதுவாக 2 முதல் 8 பாகை செல்சியஸ்தான். காலையும் மாலையும் வெப்பமானி பார்த்து எழுதுங்கள். வெளியே குளிர்தானே என்று நுவரெலியாவிலும் மேசையில் வைக்க முடியாது. கதவுத் தட்டும் ஐஸ் பெட்டியை ஒட்டிய இடமும் கூடாது. சைனோபார்ம் போல அலுமினியம் சேர்த்த தடுப்பூசி ஒருமுறை உறைந்தால் பிறகு உருகினாலும் பயன்படாது. இன்சுலினும் அப்படித்தான்.

ஊசி போட்ட பின் யாராவது கோளாறு என்று வந்தால் திகதியையும் அட்டையிலுள்ள தொகுதி இலக்கத்தையும் குறித்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குத் தெரிவியுங்கள். நெஞ்சுவலி, விடாத கடும் தலைவலி, கால் வீக்கம் என்றால் மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பாமல் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். முகம் வீங்கி மூச்சு முட்டினால் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.