ரைஃபிள் ஸ்டாக் வகுப்பு: இரண்டு நாளில் முடியுமா?

கேள்வி: மரவேலை ஓரளவு தெரிந்த ஆறு பேருக்கு, அவரவர் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்கு வால்நட் மரத்தில் ஸ்டாக் (தோளில் அணைத்துப் பிடிக்கும் கட்டை) பொருத்தக் கற்றுத்தர நினைக்கிறேன். பாதி குடைந்த கட்டையைக் கொடுக்கலாமா? சனி, ஞாயிறு போதுமா?

பதில்: பாதி குடைந்த கட்டையே நல்லது. ஆனால் இரண்டு நாள் போதாது. உலோகப் பொறியான ஆக்‌ஷனுக்கும் மரத்துக்கும் இடையே நிரப்பும் எபாக்ஸி பசை இறுக ஒரு நாள் ஆகும். எண்ணெய் ஒவ்வொரு பூச்சும் காய இன்னொரு நாள். குடைவும் எபாக்ஸியும் ஒரு வார இறுதியில், வடிவமும் உப்புத்தாளும் அடுத்ததில். எண்ணெயை அவரவர் வீட்டில் பூசிக்கொள்ளட்டும்.

கட்டையின் ஈரப்பதம் 8 முதல் 10 சதவீதம் வரை இருக்க வேண்டும். கை பிடிக்கும் ஒடுங்கிய இடத்தில் மர நார் நீளவாக்கில் ஓடுகிறதா என்று பாருங்கள். குறுக்கே ஓடினால் அங்கேதான் முறியும்.

வகுப்பறைக்குள் தோட்டாவே வரக்கூடாது. வந்தவுடன் ஒவ்வொரு ரைஃபிளும் காலியா என்று நீங்களே திறந்து பார்த்து, முன்னும் பின்னும் நகரும் போல்ட்டைக் கழற்றித் தனியே பூட்டி வையுங்கள். உரிம விதிகளை, வகுப்பை அறிவிக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

நேரத்தைத் தாராளமாகக் கொடுக்க வேண்டியது, ஆக்‌ஷன் உட்காரும் குடைவுக்கு. ஆக்‌ஷனின் அடியில் உதட்டுச்சாயத்தை மெல்லிசாகத் தடவி, கட்டையில் இறக்கி, அழுத்தி எடுத்தால், மரத்தில் சாயம் ஒட்டிய இடம்தான் மேடு. அதை மட்டும் சுரண்ட வேண்டும். அவசரக்காரர்கள் சாயத்தைத் தடிமனாகப் பூசுவார்கள். எல்லா இடமும் சிவந்துபோய், இருக்க வேண்டிய மரமும் போய்விடும். ஸ்க்ரூ துளைகளில் தலையில்லாத இரண்டு நீளக் கம்பிகளைத் திருகி வைத்தால் ஆக்‌ஷன் ஒவ்வொரு முறையும் நேராக இறங்கும்.

ஆக்‌ஷனின் அடியில் துருத்தி நின்று பின்னுதைப்பைத் தாங்கும் லக்கின் பின்முகம் மட்டும் மரத்தோடு முழுமையாக ஒட்டி நிற்க வேண்டும். லக்கின் முன்பக்கம், இரு பக்கவாட்டு, அடிப்பகுதி ஆகியவற்றில் எபாக்ஸிக்கு முன் டேப் ஒட்டுங்கள். இறுகிய பின் டேப்பை உரித்தால் இடைவெளி கிடைக்கும். இல்லாவிட்டால் ஆக்‌ஷனைக் கழற்றிப் பூட்டும்போதெல்லாம் இறுகிச் சிராய்க்கும். ஆக்‌ஷனின் வால் நுனிக்குப் பின்னாலும் சுமார் அரை மில்லிமீட்டர் விடச் சொல்லுங்கள். அங்கே மரம் முட்டி நின்றால், சுடும்போது உலோகம் ஆப்புபோல் பாய்ந்து பிடியைப் பிளந்துவிடும்.

எபாக்ஸிக்கு முன் ஆக்‌ஷனின் துளை, பள்ளம் எல்லாவற்றையும் களிமண்ணால் அடைத்து, ஸ்க்ரூ உட்பட எல்லா உலோகத்திலும் மெழுகு தடவ வேண்டும். ஒரு துளை விடுபட்டாலும் எபாக்ஸி உள்ளே புகுந்து பூட்டிக்கொள்ளும்; பிறகு கட்டையை வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். இதை மாணவர் செய்தாலும் ஒட்டும் முன் நீங்கள் சரிபாருங்கள்.

உப்புத்தாள் 120, 180, 220, 320 என்று போகட்டும். கடைசி இரண்டுக்கும் நடுவே ஈரத்துணியால் துடைத்து நாரை எழுப்புங்கள். தூசிக்கு முகக்கவசம் கட்டாயம்.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். தனித்தனியாக விரித்து வெளியே காயவைக்க வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி மூடியுள்ள இரும்பு டப்பாவில் போட வேண்டும். எண்ணெய் வேலை வீட்டில்தான் நடக்கும் என்பதால், இதைத் தாளில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.