ஷென்ஜென் வாழ்க்கை: கேட்டவர்களுக்குப் பதில்கள்

தெற்குச் சீனாவில், ஹாங்காங்கை ஒட்டியிருக்கும் ஷென்ஜெனில் பல வருடமாக இருக்கிறேன். எலக்ட்ரானிக் உதிரிபாகங்கள் வாங்கி அனுப்பும் வேலை. நகரத்தைப் பற்றி நீங்கள் கேட்டவற்றில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அக்கா, நாற்பது வருடத்துக்கு முன்னால் அது வெறும் மீனவ கிராமமாக இருந்ததாமே? உண்மையா?

கேட்க நன்றாக இருக்கும் கதை, ஆனால் சரியில்லை. 1979-க்கு முன் இங்கே பாவோஆன் என்ற மாவட்டம் இருந்தது. சுமார் 3 லட்சம் பேர். நெல்வயல்கள், சிப்பி வளர்ப்பு, சின்னச் சின்னச் சந்தைகள். மாவட்டத்தின் பழைய தலைநகரான நான்டோ ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்டது, மிங் அரச வம்சக் காலத்துக் கோட்டைவாசல் இன்றும் நிற்கிறது. ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த மக்களின் நிலத்தின் மேல்தான் இந்த நகரம் எழுந்தது. 'ஒன்றுமில்லாத இடம்' என்று சொல்லிவிட்டால் அவர்கள் கணக்கிலேயே வராமல் போய்விடுகிறார்கள்.

வேகம் மட்டும் நிஜம். 1980-ல் சிறப்புப் பொருளாதார மண்டலம் ஆனது. 1985-ல் முடிந்த 53 மாடி குவோமாவ் கட்டடத்தை, மூன்று நாளுக்கு ஒரு மாடி என்ற கணக்கில் எழுப்பினார்கள். 1992-ல் சீனாவின் மூத்த தலைவர் தெங் சியாவ்பிங் வந்து அதன் உச்சியிலிருந்து நகரத்தைப் பார்த்தார். இன்று 599 மீட்டர் பிங் ஆன் கோபுரத்துக்கு முன்னால் குவோமாவ் இருக்கிற இடம் தெரியாது. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1 கோடியே 75 லட்சம்.

கையில் பணமே இல்லாமல் வாழலாம் என்கிறார்கள். புதிதாக வருகிறவர் என்ன செய்வது?

கிளம்பும் முன்பே பணம் செலுத்த உதவும் வீசாட், அலிபே ஆப்கள் இரண்டையும் போனில் ஏற்றி, பாஸ்போர்ட் விவரம் கொடுத்து, உங்கள் கிரெடிட் கார்டை இணைத்துவிடுங்கள். 2023-லிருந்து வெளிநாட்டுக் கார்டுகளை இணைப்பது நன்றாகவே எளிதாகிவிட்டது. ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் நூறு யுவான் நோட்டை நீட்டினால் கடைக்காரரிடம் சில்லறை இருக்காது.

காலையில் எங்கள் தெருமுனையில் சாங்ஃபென் போடும் அம்மாவைப் பாருங்கள். மேசை டிராயர் மாதிரி தட்டுகள் அடுக்கிய ஆவிப்பெட்டி. ஒரு தட்டை இழுத்து, அரிசி மாவுக் கரைசலை மெல்லிசாக ஊற்றி, ஒரு முட்டையை உடைத்துப் பரப்பி உள்ளே தள்ளுவார். ஒரு நிமிடத்தில் வெந்துவிடும். சுரண்டிச் சுருட்டி, சோயா சாறு ஊற்றிக் கொடுப்பார். பக்கத்தில் கியூஆர் கோடு அட்டை தொங்கும். நீங்கள் ஸ்கேன் செய்ததும் ஒரு சின்னப் பெட்டி 'இத்தனை யுவான் வந்தது' என்று சத்தமாகச் சொல்லும். அவர் தலை நிமிர்ந்தே பார்ப்பதில்லை, அடுத்த தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருப்பார்.

பஸ் எல்லாமே மின்சாரத்தில் ஓடுகிறதா? அதை எப்படிச் சாதித்தார்கள்?

எல்லாமே. 2017 கடைசிக்குள் 16,000-க்கும் மேற்பட்ட பஸ்களை மாற்றி முடித்தார்கள், அடுத்து டாக்சிகள். பஸ் செய்யும் பிஒய்டி நிறுவனம் இந்த ஊர்க்காரர்கள். அரசு மானியம் தாராளமாகக் கிடைத்தது. டிப்போக்களில் இரவு சார்ஜ் போட வசதி செய்தார்கள். மூன்றும் ஒரே நேரத்தில் கூடிவந்தன. தெருவில் இரைச்சல் குறைந்தது பெரிய நிம்மதி. ஆனால் நடைபாதையில் கவனம் தேவை. சாப்பாடு கொண்டுபோகும் பையன்களின் மின்சார ஸ்கூட்டர் பின்னால் வருவதே காதில் விழாது.

நகரத்துக்குள்ளேயே கிராமங்கள் இருக்கின்றன, அவற்றை இடிக்கிறார்கள் என்று படித்தேன். அது என்ன விஷயம், மேடம்?

ஷென்ஜெனைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் கோபுரங்களை விட்டுவிட்டு இங்கேதான் வர வேண்டும்.

நகரம் விரிந்தபோது அரசு வயல்களை எடுத்துக்கொண்டது, ஊர்க்காரர்களின் வீட்டு மனைகளை விட்டுவைத்தது. பயிர் செய்ய நிலமில்லை. ஆனால் ஆலை வேலைக்கு ஹூனான், சிச்சுவான் மாகாணங்களிலிருந்து ஆட்கள் வந்து குவிகிறார்கள். ஊர்க்காரர்கள் வாடகையைப் பயிர் செய்யத் தொடங்கினார்கள். மனையில் ஓரங்குலம் விடாமல் ஆறு மாடி, எட்டு மாடி என்று எழுப்பினார்கள். எதிர்க் கட்டடத்து ஜன்னலைக் கை நீட்டித் தொடலாம். நண்பகலில்கூட அறையில் விளக்கு வேண்டும். கீழே சந்தில் லாஞ்சோ நூடுல்ஸ் கடை, முடிவெட்டும் கடை, பழைய போன் கடை, மேலே குறுக்கும் நெடுக்குமாக ஒயர்.

வசதி என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு பையோடு ரயிலில் வந்து இறங்கியவருக்கு அன்றே ஒரு கூரை கிடைத்தது. வேலைக்குப் பக்கத்திலேயே, தாங்கக்கூடிய வாடகையில். இந்த நகரத்தைக் கட்டியவர்கள், துடைப்பவர்கள், சமைப்பவர்கள், புதிதாக நிறுவனம் தொடங்கியவர்கள் எனப் பெரும் பங்கினரின் முதல் அறை இப்படிப்பட்ட ஒரு சந்தில்தான். அரசு கட்ட வேண்டிய வாடகை வீடுகளை ஊர்க்காரர்கள் கட்டினார்கள் என்பதே என் கருத்து.

மெட்ரோ முதல் தடத்தில் இருந்த பைஷிஜோ என்ற இப்படிப்பட்ட கிராமத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள் குடியிருந்தார்கள். 2019-ல் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. வீட்டு உரிமையாளர்களுக்கு இழப்பீடாகப் புது ஃபிளாட்டுகள். வாடகைக்கு இருந்தவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. பக்கத்துப் பள்ளியில் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த குடும்பங்கள், கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்று கெஞ்ச வேண்டியிருந்தது. அந்த மனிதர்கள் போனது நகரத்தின் வெளி விளிம்புக்கு, வேலைக்கு ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு.

எல்லாவற்றையும் இடிப்பதில்லை. சுய்வெய் என்ற ஊரில் 29 கட்டடங்களைச் சீரமைத்து, லிஃப்ட் வைத்து, 504 குடியிருப்புகளாக்கினார்கள். நல்ல வேலை, போய்ப் பார்க்கலாம். ஆனால் அவை போனது படித்த இளைஞர்களுக்கு. ஸ்கூட்டரில் சாப்பாடு கொண்டுபோகிறவருக்கு அங்கே இடமில்லை. இது எனக்கு ஆறாத வருத்தம்.

பிள்ளைகளின் பள்ளிக்கு இதில் என்ன சம்பந்தம்?

நிறைய. சீனாவில் ஹுகோ என்ற குடும்பப் பதிவு உண்டு. எந்த ஊரில் பதிவோ, அங்கேதான் அரசுச் சலுகைகள் முழுசாகக் கிடைக்கும். ஷென்ஜெனில் வசிப்பவர்களில் பாதிப்பேருக்கு மேல் பதிவு வேறு ஊரில். அதனால் பள்ளி இடத்துக்குப் புள்ளிக் கணக்கு: சொந்த வீடா, வாடகையா, எத்தனை வருடம் காப்பீட்டுத் தொகை கட்டினீர்கள் என்று கூட்டிப் பார்ப்பார்கள். புள்ளி போதாவிட்டால் கட்டணப் பள்ளி. இல்லையென்றால் பிள்ளையைச் சொந்த ஊரில் தாத்தா பாட்டியிடம் விட வேண்டும். வசந்த விழா, அதாவது சீனப் புத்தாண்டு சமயத்தில், எல்லோரும் சொந்த ஊருக்குப் போய்விட, நகரமே காலியாகிக் கடைகள் ஒரு வாரம் மூடிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த வாரத்தில் பயணம் வைக்காதீர்கள்.

காலை 9 முதல் இரவு 9, வாரம் 6 நாள் வேலை இன்னும் நடக்கிறதா?

2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே அது சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. ஆனாலும் தொழில்நுட்ப நிறுவனங்கள் நிறைந்த நான்ஷான் பக்கம் இரவு பத்து மணிக்கு அண்ணாந்து பாருங்கள், அலுவலக விளக்குகள் எரியும்.

கான்டனீஸ் கற்றுக்கொள்ள வேண்டுமா? அப்புறம், சுத்த சைவத்துக்கு என்ன வழி?

வேண்டாம். கான்டனீஸ் பேசும் குவாங்தோங் மாகாணத்தில் இருந்தாலும் இது வெளியூர்களிலிருந்து வந்தவர்களின் ஊர், தெருவில் சீனாவின் பொதுமொழியான மாண்டரின்தான். சைவத்துக்கு, சியான்ஹு தாவரவியல் பூங்காவில் இருக்கும் ஹோங்ஃபா பௌத்தக் கோயிலுக்குப் போங்கள், அங்கே சைவச் சாப்பாடு உண்டு. சாதாரணக் கடையில் 'இறைச்சி வேண்டாம்' என்றால் மட்டும் போதாது. கீரையைப் பன்றிக் கொழுப்பில் வதக்கிவிடுவார்கள், எண்ணெயையும் சேர்த்துக் கேளுங்கள்.

என் தம்பி அடுத்த மாதம் அங்கே வேலைக்கு வருகிறான். வீடு பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும், அக்கா?

முதலில் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், படத்தை நம்ப வேண்டாம். பெரும்பாலும் இரண்டு மாத வாடகை முன்பணம், ஒரு மாத வாடகை கையோடு கேட்பார்கள். ஊர்ச் சந்துகளில் வாடகை குறைவு. ஆனால் மின்சாரத்துக்கு உரிமையாளர் தனி விலை வைப்பார், ஒரு யூனிட் எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கட்டும். அந்தக் கட்டடம் இடிப்புப் பட்டியலில் இருக்கிறதா என்றும் அக்கம்பக்கத்துக் கடையில் விசாரிக்கட்டும், உரிமையாளர் தானாகச் சொல்ல மாட்டார். குடிபுகுந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் போலீஸில் பதிவு செய்ய வேண்டும், பாஸ்போர்ட்டும் வாடகை ஒப்பந்தமும் கையில் இருக்கட்டும். பதிவு செய்யச் சம்மதிக்காத உரிமையாளர் என்றால், அறை எவ்வளவு பிடித்திருந்தாலும் வேண்டாம்.