சமூக ஊடகப் பழக்கம் இன்றைய வியாபாரத்தை எப்படி மாற்றியிருக்கிறது?

விளம்பரத்தை மட்டுமா மாற்றியது? எங்கள் ஊரில் தறியில் என்ன ஓடுகிறது என்பதையே மாற்றிவிட்டது.

எனக்குச் சேலம் பக்கம் இளம்பிள்ளை. விசைத்தறிச் சேலைக்குப் பெயர்போன ஊர். அப்பா காலத்தில் கட்டுக் கட்டாக மொத்த வியாபாரிக்குப் போகும். யார் கட்டினார்கள், பிடித்ததா இல்லையா, ஒன்றும் தெரியாது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, முகூர்த்தத்துக்கு ஓட்டிய சரக்கு வீட்டில் மலையாய்க் கிடந்தபோதுதான் வாட்ஸ்ஆப்பில் படம் போட ஆரம்பித்தேன்.

ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணை சேவ் செய்து வைத்தவர்களுக்குத்தான் மெசேஜ் போய்ச் சேரும். அதனால் "நம்பர் சேவ் பண்ணிக்கோங்க" என்பதுதான் முதல் வேண்டுகோள். என் ஸ்டேட்டஸையே ஸ்கிரீன்ஷாட் எடுத்து "இது இருக்கா அக்கா?" என்று அனுப்புவார்கள்; என்னை எப்படி சேவ் செய்திருக்கிறார்கள் என்று அதில் மேலேயே தெரியும். கடைக்கு அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு, அது எவர் போனிலும் இல்லை. "சேலை அக்கா", "சேலம் அக்கா". ஒருவர் போனில் நான் "சேலை அக்கா 2". முதல் அக்கா யாரென்று இன்றுவரை கேட்கவில்லை.

"விலையை ஏன் மறைக்கிறீர்கள்?" என்று கமெண்ட்டில் திட்டு விழும். படத்தோடு விலை போட்டால் என் ரீசெல்லர்கள் பிழைக்க முடியாது. ஸ்டாஃப் ரூமில் விற்கும் டீச்சர் ஒருவர் என் படத்தை வாங்கி, தன் லாபத்தை வைத்து, சக டீச்சர்களுக்கு மூன்று மாதத் தவணையில் கொடுக்கிறார். அந்தக் காலத்தில் மூட்டை தூக்கி வீடுவீடாக வந்து தவணைக்குக் கொடுத்தவர்கள் செய்ததும் இதுதான். தவணை கேட்கும் தைரியம் தெரிந்த முகத்திடம்தான் வரும், ஆப்பிடம் வராது.

ஒரு முறை ஆசைப்பட்டு, நிறைய ஃபாலோயர்கள் உள்ள ஒரு பெண்ணிடம் பணம் கொடுத்து ரீல்ஸ் போட்டேன். "பிரைஸ் ப்ளீஸ்" என்று கமெண்ட் குவிந்தது. வந்த ஆர்டர் கொடுத்த பணத்துக்குக் கூடக் கட்டவில்லை. அதே மாதம் ஈரோட்டு வாடிக்கையாளர் ஒருவர் தங்கை வளைகாப்புப் படத்தை ஸ்டேட்டஸில் வைத்தார், "எங்கே வாங்கினே?" என்று அவரைக் கேட்டவர்கள் வரிசையாக என்னிடம் வந்தார்கள். அதற்கு நான் ஒரு ரூபாய் செலவழிக்கவில்லை.

இனி தறிக்கு வருகிறேன். என் அம்மாவுக்கு, விசேஷத்தில் தன் சேலையையே இன்னொருத்தி கட்டி வந்தால் அன்று முழுக்க முகம் செத்துவிடும். இன்று அக்கா, தங்கை, நாத்தனார், சித்தி பெண் எல்லோருக்கும் ஒரே சேலை வேண்டும், குரூப் போட்டோ அழகாக வரவேண்டுமே. அதனால் ஒரே டிசைனில், ஒரே கலரில் இருபது முப்பது என்று எப்போதும் கையில் வைக்க வேண்டியிருக்கிறது. இன்னொன்று, ஒரு முறை ஸ்டேட்டஸில் வந்துவிட்ட சேலையை அடுத்த விசேஷத்துக்குக் கட்ட யோசிக்கிறார்கள். ஐயாயிரத்துக்கு ஒன்று வாங்குவதற்குப் பதில் எழுநூறு, எண்ணூறில் ஆறு ஏழு என்று கணக்குப் போடுகிறார்கள். நாங்களும் கனமான ஜரிகையைக் குறைத்து, போனில் பளிச்சென்று விழும் கலராகப் பார்த்துத்தான் நூல் எடுக்கிறோம். நல்லதா என்றால், அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் பாதி மனசுதான்.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்கு 22 சேலை, எல்லாம் ஒரே மயில்கழுத்துப் பச்சை. பேக்கிங் முடித்து கூரியருக்குக் கிளம்பும் நேரத்தில் வாய்ஸ் மெசேஜ்: "அக்கா, மாப்பிள்ளையோட அத்தைக்கு மட்டும் வேற கலர் வேணுமாம். எல்லாரும் கட்டுறதை அவங்க கட்ட மாட்டாங்களாம்."