மொட்டைமாடியில் ஓர் அறை, வாடகை அறைக்குள் இரண்டு அறை

வாசகர் கேள்வி – பதில்

கனம் குறைந்த, வேண்டியபோது கழற்றி மாற்றக்கூடிய வீட்டமைப்புப் பற்றிக் கொழும்பு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் கட்டடக் குழு இம்முறை பதில் தருகிறது.

*கேள்வி: நாலரைப் பேர்ச்சில் எங்கள் வீடு. மேலே பிளேட் (கொங்கிறீற் தளம்) போட்டு மொட்டைமாடியாக விட்டிருக்கிறோம். மகனுக்குக் கலியாணம் முற்றாகிவிட்டது. 12 அடிக்கு 14 அடியில் மேலே ஓர் அறை வேண்டும். செங்கல்தான் நிற்கும், பலகைச் சுவர் வீடு மாதிரியே இராது என்கிறார் மேசன். அவர் சொல்வது சரியா?*
– ஒரு தாயார், வெள்ளவத்தை

பதில்: முதலில் எடையைப் பாருங்கள் அம்மா. இரு பக்கமும் பூசிய நாலரை அங்குலச் செங்கல் சுவர் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 240 கிலோ. ஒன்பது அடி உயரத்தில் கட்டினால், சுவரின் ஒவ்வோர் அடி நீளமும் 200 கிலோ. கதவு, யன்னலைக் கழித்தாலும் உங்கள் அறையின் நான்கு சுவரும் சேர்ந்து எட்டுத் தொன்னுக்கு மேல் வரும். நாகம் பூசிய இரும்புச் சட்டத்தில் இரு பக்கமும் சீமெந்து நார்ப் பலகை அடித்தால் சதுர மீற்றருக்கு 30 முதல் 35 கிலோ. மொத்தம் ஒன்றேகால் தொன் அளவில் முடியும். நடமாட்டத்துக்கென்று போட்ட மொட்டைமாடி பொதுவாகச் சதுர மீற்றருக்கு 150 கிலோ தாங்கும் கணக்கில்தான் போடப்படுகிறது. கீழே உத்தரம் இல்லாத இடத்தில் செங்கல் சுவரை ஏற்றினால் பிளேட் தொய்யும், கீழ் வீட்டுச் சீலிங்கில் வெடிப்பு ஓடும்.

சுவரைக் கனம் குறைத்துக் கட்டிவிட்டு நிலத்தில் கோட்டை விடுபவர்கள் நிறையப் பேர். மாபிள் பதிக்க இரண்டு அங்குலச் சீமெந்துக் கலவை பரப்பினால் சதுர மீற்றருக்கு 100 கிலோ. உங்கள் அறைக்கு அது ஒன்றரைத் தொன். புதுச் சுவர்கள் எல்லாவற்றையும்விடக் கூட! பிளேட்டை மட்டம் பார்த்துத் தேய்த்து, அதன்மேல் நேரே வைனல் விரிப்பு ஒட்டுங்கள். தண்ணீர்த் தாங்கியைப் புது அறையின் தலையில் வைக்கவே வேண்டாம். ஆயிரம் லீற்றர் என்றால் ஒரு தொன்.

அளவைப் பலகையிடமிருந்து எடுங்கள். சீமெந்து நார்ப் பலகை 4 அடிக்கு 8 அடியில் வருகிறது. நிலைச் சட்டங்களை நடுவுக்கு நடு இரண்டு அடியில் நிறுத்தினால் பலகையின் விளிம்பு ஒவ்வொன்றும் தானாகவே சட்டத்தில் வந்து உட்காரும். 12 அடிக்கு மூன்று பலகை, 14 அடிக்கு மூன்றரை. எதிரெதிர்ச் சுவர்களின் இரண்டு அரையும் ஒரே பலகையில் வெட்டலாம். ஆக வெளிப்புறத்துக்கு 13, உட்புறத்துக்கு 13. கதவு, யன்னலுக்கு விடும் இடத்தில் இன்னும் குறையும். வோல்ட்டர் சீகல் என்ற கட்டடக் கலைஞர் 1960களில் லண்டனில் தன் வீட்டைத் திரும்பக் கட்டும்வரை ஒதுங்கியிருக்கத் தோட்டத்தில் ஒரு சிறு வீடு அமைத்தார். கடையில் விற்கும் பலகையை வெட்டாமல், விற்கிற அளவுக்கே வீட்டை வரைந்தார். தற்காலிகம் என்று நிறுத்திய வீடு பல பத்தாண்டுகள் நின்றது. பின்னர் லூவிஷம் பகுதியில் கட்டடத் தொழில் தெரியாத குடும்பங்கள் அதே முறையில் தங்கள் வீடுகளைத் தாங்களே கட்டிக்கொண்டன.

பலகை 8 அடி, சுவர் 9 அடி என்றால் மேலே ஓரடி மிச்சம். அதைத் துண்டுப் பலகையால் அடைக்காதீர்கள். சுற்றிவர நுளம்பு வலை அடித்த காற்றுவழியாக விடுங்கள். தாழ்வாரம் தென்மேற்குப் பக்கம் 3 அடியாவது நீண்டால் சோளகத்து மழைச் சாரல் அவ்வளவாக உள்ளே வராது.

ஒழுக்கு அநேகமாகச் சுவர் பிளேட்டில் உட்காரும் இடத்தில்தான் தொடங்கும். சுவர் வரும் கோட்டில் பிளேட்டைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, நாலு அங்குல உயரத்துக்குக் கொங்கிறீற் வரம்பு ஒன்று போடுங்கள். நீர்காப்புப் பூச்சு மாடியிலிருந்து அந்த வரம்பின் மேல் ஏறி வரட்டும். அடிச் சட்டத்தை வரம்பின் மேல் வைத்து, 10 மில்லிமீற்றர் நங்கூர போல்ட்டை இரண்டு அடிக்கு ஒன்றாக இறக்குங்கள். வெளிப் பலகையின் கீழ் விளிம்பு மாடித் தரையிலிருந்து இரண்டு அங்குலம் மேலே நிற்க வேண்டும். தரையைத் தொட்டால் விளக்குத்திரி எண்ணெய் உறிஞ்சுவதுபோலப் பலகை தண்ணீரை மேலே இழுத்துவிடும்.

பலகைக்குப் பலகை 3 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, இழுபடும் தன்மையுள்ள பசையால் அடையுங்கள். சீமெந்துப் பட்டி வைத்தால் ஒரு மழைக்காலத்திலேயே மூட்டுக்கு மூட்டு மயிர் வெடிப்பு வரும். பலகை ஈரத்தில் நீண்டு வெயிலில் சுருங்குவதுதான் காரணம். ஸ்குரு ஆணி விளிம்பிலிருந்து அரை அங்குலமாவது, மூலையிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளி இறங்கட்டும். மூலையோடு ஒட்டி இறக்கினால் பலகை உடையும்.

பலரும் எதிர்பாராதது காற்று. மணிக்கு 120 கிலோமீற்றர் வேகத்தில் அடிக்கும் காற்றின் அழுத்தம் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 68 கிலோ. தாழ்வாரத்தோடு சேர்த்து உங்கள் கூரை 30 சதுர மீற்றர். அப்படிப் பார்த்தால் அதை மேலே தூக்கும் விசை இரண்டு தொன் வரும். சலாகையோடு கூரையின் எடை 300 கிலோதான். அறை முழுவதையும் சேர்த்தாலும் காற்றின் கணக்குக்குக் காணாது. ஆகவே கூரைத் தகடு சலாகையோடும், சலாகை கைமரத்தோடும், கைமரம் தூணோடும், தூண் போல்ட்டால் பிளேட்டோடும் ஒரே சங்கிலியாகப் பிணைந்திருக்க வேண்டும். ஒரு கண்ணி விட்டாலும் எல்லாம் விட்டதுதான். மூலைத் தூண்களைக் கீழ் வீட்டு உத்தரத்துக்கு நேர்மேலே நிறுத்துங்கள்.

உத்தரமும் பிளேட்டும் இதைத் தாங்குமா என்பதை ஒரு பொறியியலாளர் வந்து பார்த்துச் சொல்லட்டும். பலகைச் சுவர்தானே என்று அனுமதி எடுக்காமல் தொடங்குபவர்களும் உண்டு. எந்தப் பொருளில் கட்டினாலும் அது புதிய மாடி; மாநகர சபையின் கட்டட அனுமதி வேண்டும். மேசனுக்கும் ஒரு வார்த்தை: பலகைச் சுவரைத் தட்டினால் வெற்றொலி கேட்பதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை என்றால், சட்டத்துக்குள் பாறைக் கம்பளிப் பஞ்சு (ரொக்வூல்) வைத்து உட்புறம் இரட்டைப் பலகை அடிக்கலாம். மூட்டு மூட்டோடு சேராமல் மாற்றி அடித்தால் பக்கத்து அறைப் பேச்சும் நன்றாகக் குறையும்.

*கேள்வி: தகரக் கூரை போட்ட மேலறை. பகல் பதினொரு மணிக்குப் பிறகு உள்ளே இருக்க முடியவில்லை. ஏசி பூட்டாமல் வழி உண்டா?*
– வாசகர், தெஹிவளை

பதில்: உண்டு. கொழும்பு வட அகலாங்கு 7 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருப்பதால், சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு வாரம் முன்பும் செப்ரெம்பர் முதல் வாரத்திலும் நண்பகற் சூரியன் உச்சந்தலைக்கு மேலே நிற்கிறது. சுவருக்கு நிழல் தேடுவதைவிடக் கூரையைக் கவனிப்பதே இங்கே பலன் தரும். காய்ந்த தகடு வெப்பத்தைக் கதிராகக் கீழே வீசுகிறது. மின்விசிறி அந்தக் கதிரை ஒன்றும் செய்யாது.

தகட்டுக்கு வெளியே வெள்ளைப் பூச்சு. உள்ளே பளபளப்பான அலுமினியத் தாள், பளபளப்பு கீழ்நோக்கி, அதற்கும் சீலிங்குக்கும் இடையே ஓர் அங்குலமாவது வெற்றிடம் விட்டு. மேல்நோக்கி விரித்தால் தூசி படிந்து சில வருடங்களில் பலன் போய்விடும். தாள் சீலிங்கைத் தொட்டுக்கொண்டு கிடந்தாலும் பலன் இல்லை. இனிச் சூடான காற்று போக வழி வேண்டும்: தாழ்வாரத்தின் கீழே வலையிட்ட திறப்பு, முகட்டில் காற்றுத் திறப்பு. ஒன்றை மட்டும் வைத்தால் காற்று ஓடாது. பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஜோன் ப்ரூவே 1949க்கும் 1951க்கும் இடையில் ஆபிரிக்க நகரங்களுக்கென்று செய்த அலுமினிய வீடுகளில் இரட்டைக் கூரை வைத்து நடுவே காற்றோட விட்டது இதற்காகத்தான்.

மழைச் சத்தம் தொந்தரவு என்றால் இரண்டு அங்குலப் பாறைக் கம்பளிப் பஞ்சைத் தகட்டின் அடியோடு ஒட்டி வையுங்கள். கனம் குறைந்த அறைக்கு ஒரு நல்ல குணமும் இருக்கிறது: கொங்கிறீற் பிளேட் இரவு வெகுநேரம் வரை பகல் வெக்கையைக் கக்கிக்கொண்டிருக்கும், பலகை அறை சூரியன் இறங்கிய கையோடு ஆறிவிடும். படுக்கையறைக்கு இது பெரிய விடயம்.

*கேள்வி: பழைய கப்பல் கொள்கலனை வாங்கி வீடாக்கலாமா?*
– வாசகர், வத்தளை

பதில்: நாங்கள் சொல்ல மாட்டோம். 20 அடிக் கொள்கலனின் உள் அகலம் ஏழே முக்கால் அடிக்கும் குறைவு. வெக்கைக்கு உட்பூச்சும் பலகையும் வைத்தபின் அது ஏழடியாகிவிடும். கட்டில் போட்டால் நடக்க இடமில்லை. வெற்றுப் பெட்டியே இரண்டு தொன்னுக்கு மேல். ஒழுங்கைக்குள் கிரேன் வர வேண்டும். காற்றுக்காகப் பக்கச் சுவரைப் பெரிதாக வெட்டினால் பெட்டியின் வலு போகும், திரும்ப இரும்புச் சட்டம் வைக்க வேண்டும். அந்தச் செலவுக்கு மேலே சொன்ன அறையை உங்கள் விருப்ப அளவில் கட்டலாம்.

*கேள்வி: 10 அடிக்கு 14 அடி வாடகை அறையில் அம்மா, நான், தம்பி. சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார். நடுவே மறைப்பு எப்படிப் போடுவது?*
– வேலைக்குப் போகும் பெண், கொட்டாஞ்சேனை

பதில்: அலுமாரியையே சுவராக்குங்கள் தங்கச்சி. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் கிரிந்தையில் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகேரு பான் அமைத்த வீடுகளில் இறப்பர் மரத்தில் செய்த தளபாடங்களையே அறைத் தடுப்பாகப் பயன்படுத்தினார். அதே யோசனை உங்களுக்கும் பொருந்தும்.

ஏழு அடி உயரம், 16 அங்குல ஆழத்தில் இரண்டு அலுமாரி. ஒரே நேர்கோட்டில் வைத்தால் ஆடும். ‘ட’ வடிவில் மூலையோடு மூலை போல்ட் பூட்டினால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஒன்று அம்மாவின் பக்கம் திறக்கட்டும், மற்றது உங்கள் பக்கம். மேலே இரண்டடி வெளி விட்டால் ஒரே மின்விசிறி இரு பக்கத்துக்கும் போதும். கனமான சாமான்களைக் கீழ்த்தட்டில் அடுக்குங்கள். தம்பிக்கு மேல்கட்டில் செய்ய நினைக்காதீர்கள். ஒன்பது அடிச் சீலிங்கில் தொங்கும் விசிறியின் சிறகு எழுந்து உட்காருபவரின் தலைமட்டத்தில் சுழலும்.

18 மில்லிமீற்றர் பிளைவூட் வாங்குங்கள். மரத்தூள் பலகை மலிவுதான், ஆனால் கொழும்பின் ஈரக்காற்றில் விளிம்பு ஊதும், ஆணி பிடி விடும். பின்பக்கத்துக்கு லுணுமிதெல்ல மரப்பலகை போதும், தூக்க இலேசு. தட்டின் நீளம் இரண்டரை அடியைத் தாண்ட வேண்டாம், புத்தகம் வைத்தால் தொய்யும். மூட்டுகளுக்கு ஸ்குரு ஆணி வேண்டாம். இரண்டு மூன்று தரம் கழற்றிப் பூட்டினாலே மரத்தில் துளை தளர்ந்துவிடும். மரத்துக்குள் பதிக்கும் இரும்பு மரையும் போல்ட்டும் வைத்தால் வீடு மாறும்போதெல்லாம் கழற்றலாம். முழுப் பிளைவூட் பலகை ஒன்று 30 கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதால் எந்தப் பாகமும் ஏழடிக்கு இரண்டடியைத் தாண்டாமல் வெட்டச் சொல்லுங்கள். படிக்கட்டின் திருப்பத்தில் ஒருவரே தூக்கித் திரும்பலாம். கீழே நாலு அங்குலக் கால், வெளிச்சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி. ஒட்டி வைத்தால் பின்னால் பூஞ்சணம் பிடித்து உடுப்பெல்லாம் மணக்கும்.

*கேள்வி: 2016 வெள்ளத்தில் கீழ் வீடு மூழ்கியது. மீண்டும் அப்படி வந்தால் ஒரு கிழமையில் திரும்பி வரக்கூடிய மாதிரிக் கீழ்த்தளத்தை மாற்ற முடியுமா?*
– குடும்பத்தலைவர், வெல்லம்பிட்டி

பதில்: முடியும். தண்ணீரைத் தடுப்பதை விட்டு, வந்து போக விடும் வகையில் அமையுங்கள். கதவு, யன்னலை இறுக அடைத்து வெளித் தண்ணீரை நிறுத்தினால் அதன் பக்க அழுத்தமே சுவரைத் தள்ளும். மரத் தளமுள்ள இலேசான அறை என்றால் மிதக்கவும் பார்க்கும். அதன் தூண்கள் கொங்கிறீற் அடித்தளத்தோடு போல்ட்டால் பூட்டியிருக்க வேண்டும், தூண்களுக்கு இடையே குறுக்குச் சட்டமும் வேண்டும்.

உள் தடுப்புகளைச் சீமெந்து நார்ப் பலகையில், நாலு அடி உயரம் வரை தனித் துண்டாக, வெளியே தெரியும் ஸ்குரு ஆணியால் பூட்டுங்கள். வெள்ளம் வடிந்ததும் அந்தத் துண்டைக் கழற்றி, சேற்றைக் கழுவி, சட்டத்தை இரு பக்கமும் காற்றுப்பட உலர விட்டுத் திரும்பப் பூட்டலாம். அடிச் சட்டத்தில் இரண்டடிக்கு ஒரு துளை வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளேயே நின்று கறள் பிடிக்கும். அந்த நாலு அடிக்குள் பஞ்சு, ஜிப்சம், மரத்தூள் பலகை எதுவும் கூடாது.

சென்ற வெள்ளத்தின் கறை நின்ற மட்டத்துக்கு மேலே பிளக்குகளை ஏற்றி, வயரை மேலிருந்து கீழே இறக்குங்கள். கீழ்த்தளத்துக்குத் தனி பிரேக்கரும் 30 மில்லி அம்பியர் டிரிப் சுவிட்சும் மேல்மாடியில் இருக்கட்டும். இரும்புச் சட்டத்தைக் கட்டாயம் எர்த் பண்ண வேண்டும்; வயர் சட்டத்துளையால் நுழையும் இடமெல்லாம் இறப்பர் வளையம் போட வேண்டும், தகட்டின் கூர் விளிம்பு வயரின் தோலை மெல்ல மெல்ல அறுக்கும். மலசலகூடக் குழாயில் ஒருவழி அடைப்பான் இல்லாவிட்டால், வாசலால் வருமுன்னே தண்ணீர் அந்த வழியால் வந்துவிடும்.

*கேள்வி: கடலோரத்தில் இரும்புச் சட்ட அறை எத்தனை காலம் நிற்கும்?*
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: மழை கழுவாத இடம்தான் முதலில் போகும். கூரையின் மேற்பக்கத்து உப்பை மழை அள்ளிக்கொண்டு போய்விடும். தாழ்வாரத்தின் அடிப்பக்கத்தில் அது படிந்தே கிடக்கும். மாதம் ஒருமுறை அந்த அடிப்பக்கத்தை நல்ல தண்ணீர்க் குழாயால் அடித்துக் கழுவுங்கள். தகட்டைக் கிரைண்டரால் வெட்ட விடாதீர்கள். தெறிக்கும் இரும்புத் துகள் ஒட்டி, பூச்சைத் தின்று, சில நாட்களில் செம்புள்ளியாகத் தெரியும். தகடு வெட்டும் கத்தரி போதும். கூரை ஆணி தகட்டின் மேட்டில் இறங்கட்டும், பள்ளத்தில் அல்ல. இறப்பர் வாசர் சற்றே அமர்ந்ததும் நிறுத்துங்கள். பிதுங்கும்வரை முறுக்கினால் அது வெடித்து அங்கேயே ஒழுகும். வருடம் ஒருமுறை, சோளகம் தொடங்கும் மே மாதத்துக்கு முன்பு, ஏணி வைத்து ஒவ்வொரு வாசரையும் பார்த்து வெடித்ததை மாற்றி, பீலியில் சேர்ந்த இலையையும் அள்ளிவிடுங்கள்.