"அன்ரி" என்று அழைக்கிறார்கள், மன்றத்தில் சேரலாமா?

கேள்வி: எனக்கு 35 வயது. உயர்தரம் படித்துக்கொண்டிருந்த காலத்தில், 2009 இல், வன்னியில் இடம்பெயர்ந்தபோது படிப்பு நின்றுபோனது. இப்போது யாழ்ப்பாணத்தில் உயர்கல்வி நிறுவனமொன்றில் முதலாம் வருடம் படிக்கிறேன். தமிழ் மன்றத்தில் சேர விருப்பம். ஆனால், கூடப் படிக்கும் பிள்ளைகள் என்னை "அன்ரி" என்கிறார்கள். அவர்களோடு போய் நிற்கக் கூச்சமாக இருக்கிறது. பகிடிவதை பற்றிய பயமும் உண்டு. என்ன செய்யலாம்?
– வாசகி, நெல்லியடி

பதில்: சேருங்கள், இரண்டாம் வருடம் வரட்டும் என்று காத்திராமல் இப்போதே சேருங்கள். முன்னைய ஆண்டில் கதிரை அடுக்கியும் பதாகை கட்டியும் உழைத்தவர்களே பெரும்பாலும் மன்றங்களின் செயற்குழுவுக்குத் தெரிவாகிறார்கள் என்பதால், தொடக்கத்தில் ஒதுங்கி நின்றவருக்குப் பின்னர் உள்ளே நுழைவது இன்னும் கடினமாகிவிடும்.

"அன்ரி" என்ற அழைப்பை நான் சிறிய விடயமாகக் கருதவில்லை. அதில் மரியாதை இருக்கிறது. ஆனால், நண்பரின் தாயை அழைக்கும் சொல்லால் உங்களை அழைத்துப் பழகிவிட்டால், உங்களோடு பகிடி பேசவோ, பாடக்குறிப்பை இரவல் கேட்கவோ, கூட்டத்தில் மறுத்துப் பேசவோ அவர்களுக்கு நா எழாது. "என்னை அக்கா எண்டு கூப்பிடுங்கோ" என்று நேரடியாகவே சொல்லிவிடுங்கள். உங்கள் பக்கத்திலும் ஒரு மாற்றம் வேண்டும்: கடிதத்திலேயே அவர்களைப் "பிள்ளைகள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் உங்கள் சக மாணவர்கள். "பிள்ளை", "தம்பி" என்று தொடங்கும் பேச்சு அறிவுரையில்தான் போய் முடியும். யாழ்ப்பாணத் தமிழில் "நீ" என்பதற்கும் "நீங்கள்" என்பதற்கும் நடுவே "நீர்" இருக்கிறது. உரிமையும் மதிப்பும் சேர்ந்த அந்தச் சொல் இத்தகைய உறவுக்கென்றே அமைந்தது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. சக மாணவரிடம் பெயர் சொல்லி "நீர்" என்று பேசலாம். கம்பஸ் வழக்கில் "அண்ணா", "அக்கா" என்பவை வயதைவிடச் சேர்ந்த ஆண்டையே குறிப்பதால், 22 வயதுச் சிரேஷ்ட மாணவியை எப்படி அழைப்பது என்று நீங்கள் தடுமாறக்கூடும். கூட்டங்களில் "தலைவர்", "செயலாளர்" என்று பதவியைச் சொல்லி, "நீங்கள்" என்று விளித்தால் இரு பக்கத்துக்கும் இலகுவாக இருக்கும்.

உள்ளே போவதற்கு நல்ல வாசல் வாணி விழா. நவராத்திரி நெருங்கும்போது மாலை கட்டவும் மேடை அலங்கரிக்கவும் எத்தனை பேர் வந்தாலும் போதாது. கைகள் வேலையில் இருக்கும்போது பேச்சு தானாக வரும். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். வயதில் மூத்த பெண் என்றதும் கடலை அவிக்கவும் பொங்கல் கிண்டவும் உங்களைத்தான் தேடுவார்கள். ஒருமுறை செய்து கொடுங்கள். அதுவே உங்கள் நிரந்தரப் பொறுப்பாகிவிட இடம் கொடாதீர்கள். நீங்கள் தமிழ் மன்றத்தை விரும்பியது சமையலுக்காக அல்லவே. பட்டிமன்றத்தில் பேசுவதற்கும், சஞ்சிகைக்கு மெய்ப்புப் பார்ப்பதற்கும், வரவு செலவுக் கணக்கு எழுதுவதற்கும் உங்கள் பெயரை நீங்களே கொடுங்கள்.

பகிடிவதையைப் பொறுத்தவரை, 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். நிறுவனத்துக்கு உள்ளே நடந்தாலும் வெளியே நடந்தாலும் இரண்டு ஆண்டுகள் வரை கடூழியச் சிறை விதிக்கலாம். மன்றத்தில் சேர்வதற்கு அதைச் சகித்தாக வேண்டும் என்று எவரேனும் சொன்னால், அன்றைக்கே மாணவ ஆலோசகராக இருக்கும் விரிவுரையாளரிடம் தெரிவியுங்கள்.

கூட்டங்கள் பொதுவாக விரிவுரைகள் முடிந்த பின்னரே வைக்கப்படுகின்றன. நெல்லியடிக்குப் பஸ் பிடித்து வீடு சேர வேண்டிய உங்களுக்கு அது சிரமமாக இருந்தால், மதிய இடைவேளையில் வைக்க முடியுமா என்று செயலாளரிடம் கேளுங்கள். தூர இடங்களிலிருந்து வரும் இளைய மாணவிகளுக்கும் அதே சிரமம் இருக்கும். முதலாம் வருடத்தில் அதை வாய்விட்டுக் கேட்க அவர்கள் தயங்கிக்கொண்டிருப்பார்கள்.