வீட்டுக் கணக்குக்கு எக்செல் போதுமா, மென்பொருள் வாங்க வேண்டுமா?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் குடும்பம். ஒருவருக்கு அரச சம்பளம். நிலாவெளியில் சீசனுக்கு வாடகைக்கு விடும் இரண்டு அறைகள், மாதம் 10,000 ரூபாய்ச் சீட்டு, ஓட்டோ லீசிங், கொஞ்ச நகை அடகில், ஒரு நிலையான வைப்பு. இதையெல்லாம் ஒழுங்காக எழுதி வைக்க எக்செல் போதுமா, காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டுமா?

பதில்:

வாங்க வேண்டாம், விரிதாளிலேயே தொடங்குங்கள். எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஓபிஸ் எதுவானாலும் சரி. ஆனால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் "மாத பட்ஜெட்" தாளை இறக்கி அதில் எழுதாதீர்கள். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு என்று இருக்கும் அந்தத் தாளில் சீட்டையும் அடகையும் எழுத இடமே இல்லை.

கட்டண மென்பொருட்களின் பெரிய கவர்ச்சி, வங்கிக் கணக்கோடு இணைந்து பதிவுகளைத் தாமாகவே இழுத்துக்கொள்வதுதான். ஒய்னாப் (YNAB) என்ற பட்ஜெட் செயலி ஆண்டுக்கு 109 டொலர் வாங்குகிறது. அந்த இணைப்பு அமெரிக்கா, கனடா, ஐரோப்பிய வங்கிகளுக்காகச் செய்யப்பட்டது. குறுஞ்செய்தியை வாசித்துக் கணக்கெழுதும் செயலிகள் பெரும்பாலும் இந்திய வங்கிகளின் வாசகத்துக்குப் பழக்கப்பட்டவை. நமது வங்கிகளின் கூற்று பெரும்பாலும் பிடிஎஃப்பாகத்தான் வரும். எதை வாங்கினாலும் கையால்தான் அடிக்கப் போகிறீர்கள். அடிக்கிற வேலை ஒன்றுதான் என்றால் ஆண்டுதோறும் டொலர் கட்டுவதில் பொருளில்லை.

இன்னொன்று, மென்பொருளின் ஆயுள் உங்கள் கையில் இல்லை. மைக்ரோசொப்ட் மணி என்ற வீட்டுக் கணக்கு மென்பொருள் 2009இல் விற்பனையிலிருந்து நிறுத்தப்பட்டது. மின்ட் என்ற பட்ஜெட் செயலி 2024 மார்ச்சில் மூடப்பட்டது. எந்தச் செயலியை எடுத்தாலும் முதல் நாளே நாலைந்து பதிவுகளைப் போட்டு, அவற்றைச் சிஎஸ்வி (CSV, எந்த விரிதாளிலும் திறக்கக்கூடிய எளிய எழுத்துக் கோப்பு) கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அன்றைக்கே விட்டுவிடுங்கள்.

இனி தாளை எப்படிப் போடுவது என்று பார்ப்போம். ஐந்து நிரல்கள் (column) போதும்: திகதி, தொகை, எங்கிருந்து, எங்கே, குறிப்பு. வரவு, செலவு என்று தனி நிரல்கள் வேண்டாம். காசு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகிறது. அந்த இரண்டு இடங்களையும் எழுதுகிறீர்கள். சம்பளம் வந்தால் "சம்பளம்" என்பதிலிருந்து "வங்கி"க்கு. மெஷினில் 20,000 எடுத்தால் "வங்கி"யிலிருந்து "கைக்காசு"க்கு. சந்தையில் 3,000க்கு மீன் வாங்கினால் "கைக்காசு"விலிருந்து "சாப்பாடு"க்கு. வரவு செலவுத் தாளில் மெஷினில் எடுத்த 20,000த்தையும் செலவாக எழுதி, அதிலிருந்து வாங்கிய மீனையும் செலவாக எழுதுவார்கள். ஒரே காசு இரண்டு தரம் செலவாகிவிடும். வீட்டுக் கணக்கில் அடிக்கடி நடக்கும் பிழை இதுதான்.

அடுத்த தாளில் எல்லாக் கணக்குகளின் பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, பக்கத்தில் மீதியைப் போடுங்கள். "எங்கே" நிரலில் அந்தப் பெயர் வந்த தொகைகளின் கூட்டலிலிருந்து "எங்கிருந்து" நிரலில் வந்த தொகைகளின் கூட்டலைக் கழித்தால் அதுதான் மீதி. இதற்குச் சம்இஃப்ஸ் (SUMIFS, கேட்ட பெயருள்ள தொகைகளை மட்டும் கூட்டுவது) சார்பு இரண்டு தரம் போதும். சார்புக்கு முழு நிரலையும் கொடுங்கள். 500ஆம் நிரை வரை என்று கொடுத்தால் 501ஆம் நிரையிலிருந்து கணக்கு சத்தமில்லாமல் பிழைக்கும். தொடக்கத்தில் கையிலும் வங்கியிலும் உள்ளதை "ஆரம்ப மீதி" என்ற கணக்கிலிருந்து எடுத்தது போல எழுதுங்கள். அப்போது எல்லா மீதிகளையும் கூட்டினால் எப்போதும் பூச்சியம் வரவேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு பெயர் பிழையாக அடிக்கப்பட்டிருக்கிறது. "சாப்பாடு" ஓரிடத்திலும் "சாப்பாட்டு" இன்னோரிடத்திலும் இருந்தால் தாளுக்கு அவை வெவ்வேறு. அதனால் இரண்டு நிரல்களுக்கும் டேட்டா வலிடேஷனில் பெயர்ப் பட்டியலைக் கொடுத்து, தெரிவுசெய்து மட்டும் போடும்படி வையுங்கள்.

சீட்டைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் வெளிநாட்டுச் செயலிகள் திணறுவது இங்கேதான். 20 பேர், மாதம் 10,000, மொத்தம் 2 இலட்சம் என்று வையுங்கள். கட்டும் காசு செலவில்லை. "வங்கி"யிலிருந்து "சீட்டு"க்கு 10,000. ஐந்தாவது மாதக் காசையும் கட்டியபின் "சீட்டு" மீதி 50,000. அந்த மாதம் 20,000 கழிவுக்கு (முந்தி எடுப்பதற்காக விட்டுக்கொடுக்கும் தொகை) சீட்டை எடுக்கிறீர்கள், கையில் வருவது 1,80,000. அதை வருமானமாக எழுதாதீர்கள். இரண்டு பதிவுகள்: "சீட்டு"விலிருந்து "வங்கி"க்கு 1,80,000, "சீட்டு"விலிருந்து "சீட்டுக் கழிவு" என்ற செலவுக்கு 20,000. இப்போது "சீட்டு" மீதி மறை 1,50,000. இன்னும் 15 மாதம் 10,000 கட்ட வேண்டிய கடன் அதுதான். கடைசி மாதம் கட்டியதும் மீதி பூச்சியமாகும். ஆகாவிட்டால் ஒரு மாதக் காசு எழுதப்படவில்லை, அல்லது சீட்டுக்காரரின் கொப்பியில் ஏதோ பிசகு. கழிவை அங்கத்தவர்களுக்குப் பங்கிடும் சீட்டில் ஒருவர் 20,000 கழித்தால் ஆளுக்கு 1,000 குறையும், நீங்கள் கட்டுவது 9,000. அப்போது "வங்கி"யிலிருந்து 9,000, "கழிவு வரவு" என்ற வருமானத்திலிருந்து 1,000, இரண்டும் "சீட்டு"க்கு. சீட்டு முடிந்தபின் கொடுத்த கழிவையும் வந்த கழிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்தச் சீட்டில் உங்களுக்கு எவ்வளவு போனது என்பது ரூபாய்க் கணக்கில் தெரியும்.

அடகும் அதே வழிதான். "அடகு"விலிருந்து "வங்கி"க்கு 1,50,000; மீட்கும்போது முதல் "அடகு"க்கு, வட்டி "வட்டிச் செலவு"க்கு. தவணை முடியும் திகதியைக் குறிப்பில் எழுதுங்கள். நகையின் பெறுமதியைத் தாளில் சேர்க்க வேண்டாம். பவுண் விலை மாற மாற மொத்தம் ஆடும், அடகுக் கடன் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

லீசிங் தவணையை முழுதாகச் செலவில் போடுவதும் பிழை. 5 இலட்சம், ஆண்டுக்கு 18 வீதம் குறைந்துசெல்லும் மீதியில், 36 மாதம் என்றால் தவணை ஏறத்தாழ 18,076. முதல் மாதத்தில் 7,500 வட்டி, 10,576தான் கடனைக் குறைக்கிறது. விரிதாளில் பிஎம்டி (PMT) என்ற சார்பு தவணையைச் சொல்லும். வட்டி வீதத்தை 12ஆல் வகுத்துக் கொடுக்க மறக்க வேண்டாம். உங்கள் நிறுவனம் கேட்கும் தவணை இதைவிட நன்றாகக் கூடுதலாக இருந்தால் முதலில் வட்டி எந்த முறையில் என்று கேளுங்கள், கடைசி வரை முழுத் தொகைக்கும் வட்டி போடுகிறார்களோ என்று பாருங்கள். காப்புறுதியோ வேறு கட்டணமோ தவணைக்குள் சேர்ந்திருக்கவும் கூடும்.

நிலையான வைப்பின் வட்டியை, வங்கியில் விழுந்த தொகையாக எழுதாமல் முழுதாக எழுதுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் வட்டியில் பிடிக்கும் வரி 5 வீதத்திலிருந்து 10 வீதமாகிவிட்டது. 10 இலட்சத்துக்கு 8 வீதம் என்றால் மாத வட்டி 6,666.67; வங்கியில் விழுவது 6,000. மீதி 666.67ஐ "பிடித்த வரி" என்ற கணக்குக்கு அனுப்புங்கள். ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாதவர்கள் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்து இந்தப் பிடிப்பைத் தவிர்க்கலாம். சம்பளம், வாடகை, வட்டி மூன்றையும் கூட்டிப் பார்த்தால்தான் நீங்கள் அதற்குள் வருகிறீர்களா என்று தெரியும். வரி ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. அதனால் ஜனவரிக்கு ஜனவரி புதுக் கோப்புத் திறக்காதீர்கள். ஒரே தாளில் தொடர்ந்து எழுதி, திகதியால் வெட்டிப் பாருங்கள்.

அறை வாடகைக்கு ஒரு சொல். சீசன் மே தொடக்கம் செப்டெம்பர் வரை, பிறகு வாடைக்காற்றும் மழையும். சீசனில் செலவு போக 4,80,000 நின்றால் அது மாதம் 40,000 வருமானம்தான். "வாடைப் பங்கு" என்று ஒரு சேமிப்புக் கணக்கு வைத்து, வாடகை விழுந்த அன்றே அதற்கு மாற்றி, அதிலிருந்து மாதம் 40,000 மட்டும் வீட்டுக்கு எடுங்கள். ஓகஸ்ட் மீதியைப் பார்த்து எடுக்கும் முடிவுகள்தான் டிசம்பரில் நகையை அடகுக்கு அனுப்புகின்றன.

விரிதாளில் பிழைக்கக்கூடியவையும் உண்டு. முதலில் திகதி. கூகுள் ஷீட்ஸின் லொகேல் (எந்த நாட்டு முறை என்ற அமைப்பு) அமெரிக்கா என்று இருந்தால் 05/06/2025 ஜூன் 5 அல்ல, மே 6. மாதத்தின் முதல் 12 நாட்கள் இப்படித் திரும்பிவிடும், 13ஆம் திகதியிலிருந்து வெறும் எழுத்தாக நிற்கும். செட்டிங்ஸில் லொகேலை ஐக்கிய இராச்சியம் என்று மாற்றுங்கள், அல்லது 2025-06-05 என்றே அடியுங்கள். அடுத்தது தொகை. "ரூ 2,500/=" என்று அடித்தால் அது எண்ணல்ல, கூட்டலில் சேராது. பிடிஎஃப்பிலிருந்து நகல் எடுத்த எண்களிலும் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டியிருக்கும். எண் கலத்தின் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். நிரலை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தாலே போதும், ஆனால் அதற்கு நிரலை நடுவாக்கி அழகுபடுத்தாமல் விட வேண்டும். ஒரு நிரலை மட்டும் தெரிவுசெய்து வரிசைப்படுத்தினால் திகதி ஓரிடம், தொகை ஓரிடம் என்று எல்லாம் கலையும். அப்படி ஆனால் எதையும் தட்டாமல் வேர்ஷன் ஹிஸ்டரியில் பழைய நிலைக்குப் போங்கள்.

மாதம் ஒருமுறை வங்கி மீதியோடு ஒப்பிடுவதுதான் உயிர். வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால் பெரும்பாலும் இலக்கம் இடம்மாறியிருக்கும்: 4,560ஐ 5,460 என்று அடித்தால் வித்தியாசம் 900. வித்தியாசத்தின் பாதித் தொகையில் ஒரு பதிவு இருந்தால் அதில் எங்கிருந்து, எங்கே இரண்டும் மாறியிருக்கும். கைக்காசை ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணி, குறைவதை "மறந்த செலவு" என்று எழுதிவிடுங்கள். 340 ரூபாயைத் தேடி இரவெல்லாம் இருந்து களைத்துத்தான் பலர் கணக்கெழுதுவதையே விட்டுவிடுகிறார்கள்.

மென்பொருளுக்கு எப்போது போவது? கணக்குகள் பதினைந்தைத் தாண்டும்போது, அறைகளின் கணக்கைத் தனியாகக் காட்ட வேண்டி வரும்போது, ஒவ்வொரு மாதமும் அதே பத்துப் பதிவுகளை அடிப்பது அலுக்கும்போது. அப்போதும் காசு கொடுக்க வேண்டியதில்லை. க்னூகேஷ் (GnuCash) என்ற கணக்கு மென்பொருள் இலவசம், கணினியில் இயங்கும், இணையம் வேண்டாம். இரு பக்கமும் சமமாகாத பதிவை "சமநிலையின்மை" என்ற தனிக் கணக்கில் போட்டுக் காட்டிக்கொடுக்கும். தவணைப் பதிவுகளைத் தானே போடும். வங்கிக் கூற்றோடு ஒப்பிட அதற்கென்றே ஒரு சாளரம் உண்டு. குறை என்னவென்றால் ஒரு கோப்பை ஒரே நேரத்தில் இருவர் திறக்கக்கூடாது. போனிலிருந்து கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதும் வீட்டுக்குக் கூகுள் ஷீட்ஸ்தான் வசதி.

மேலே சொன்ன ஐந்து நிரல்களில் எழுதியிருந்தால் மாறுவது ஒரு பின்னேர வேலை. முதலில் க்னூகேஷில் அதே பெயர்களில் கணக்குகளைத் திறவுங்கள். தாளைச் சிஎஸ்வியாகச் சேமித்து, உள்ளெடுக்கும்போது "எங்கே" நிரலைக் கணக்கு என்றும் "எங்கிருந்து" நிரலை மாற்றுக் கணக்கு என்றும் காட்டுங்கள். முழுவதையும் ஒரே தடவையில் ஏற்ற வேண்டாம். பத்து நிரைகளை மட்டும், கணக்குப் பெயர்கள் மட்டுமே உள்ள ஒரு கோப்பில் ஏற்றி, சீட்டின் மீதி அந்தப் பத்து நிரைகளுக்குத் தாளில் வருவதோடு குறி உட்பட ஒத்துப்போகிறதா என்று பார்த்தபின் மிச்சத்தை ஏற்றுங்கள்.