முடிசூடியும் 12 வருடம் முகலாய பாதுஷா இரண்டாம் ஷா ஆலம் தில்லிக்குப் போகாதது ஏன்?

சுருக்கமாகச் சொன்னால், முதலில் போனால் உயிர் தங்காது என்ற பயம், பிறகு கூட்டிப்போகப் படை இல்லாததுதான்.

அன்று தில்லியில் பாதுஷா என்பது பெயருக்குத்தான். வசீர் (தலைமை அமைச்சர்) இமாத்-உல்-முல்க் 1754ல் பாதுஷா அகமது ஷாவை இறக்கி, கண்ணையும் குருடாக்கிவிட்டு, இரண்டாம் ஆலம்கீரை உட்கார வைத்தார். அந்த ஆலம்கீரின் மகன் அலி கௌஹர்தான் பிற்பாடு ஷா ஆலம். வசீரின் ஆட்கள் வீட்டைச் சூழ்ந்துகொண்டபோது சண்டைபோட்டுத் தப்பி, 1758ல் கிழக்கே ஓடினார். மறுவருடம் அப்பாவையும் வசீர் கொன்றுவிட, இவர் பீகாரில் தானே முடிசூடிக்கொண்டார். தில்லியிலோ வசீர் அதற்குள் வேறொருவரை அரியணை ஏற்றியிருந்தார், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு பாதுஷா!

சரி, 1761ல் பானிபட் போரில் ஆப்கானியரிடம் மராத்தியர் தோற்ற பிறகாவது போயிருக்கலாமே என்றால், கூட்டிப்போகப் படை வேண்டுமே. 1764ல் பக்சார் போரில் கும்பினியிடம் (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி) தோற்ற பிறகு அந்தக் கும்பினிதான் கதி. 1765ல் வங்காளம், பீகார், ஒரிசாவின் வரி வசூலிக்கும் திவானி உரிமையை எழுதிக்கொடுத்து, வருடம் 26 லட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு அலகாபாத்தில் இருந்தார். என்னைக் கேட்டால், நாடு கைமாறிய நிஜமான தேதி அதுதான், கும்பினி வங்காள நவாபை வென்ற 1757 பிளாசிப் போர் இல்லை. கும்பினி அவரைத் தில்லிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டியது.

கடைசியில் மராத்தியர் துணையோடுதான் 1772 ஜனவரியில் தில்லிக்குள் நுழைந்தார். அதன்பின் கும்பினி அந்த 26 லட்சத்தை நிறுத்திவிட்டது. அப்புறம் 1788ல் ரோகில்லா (ஆப்கானிய வழிவந்தவர்கள்) தலைவன் குலாம் காதர் செங்கோட்டைக்குள்ளேயே அவர் கண்ணைப் பறித்தான்.